உப்பின் தாகம்
(கொங்கு நாட்டில் வெப்பமும் குளிரும் – 17)

பைகாரா மின்சாரம் மலையிறங்கி வந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1932-இல் அந்த நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டுகளில் காணாத வளர்ச்சியை அடுத்த பத்தாண்டுகளே காட்டிவிட்டன. கதிர்கள் பெருகப் பெருக, ஆலைக்காரர்கள் ஒவ்வொரு மணி நேரமும் கவனிக்க வேண்டிய ஒன்றும் கூடவே பெருகியது. அதுதான் காற்றின் ஈரம்.

பஞ்சு தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் வணிகத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. காற்று காய்ந்தால் பஞ்சும் காய்கிறது. இழை வலிமை இழந்து அறுகிறது, பஞ்சுத் தூசி பறக்கிறது, உராய்வில் மின்னேற்றம் உண்டாகி இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஈரம் மிகுந்தாலோ இழை உருளையில் சுற்றிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலும் ஆடியிலும் ஒரு ஈரத்தைக் கொண்டுவரும். பங்குனி, சித்திரையில் அதே ஊர் வறண்டு கிடக்கும். ஆலைக்குள் இருக்கும் இயந்திரமோ ஆண்டு முழுக்க ஒரே ஈரத்தைக் கேட்கிறது. நீர்த்தூவலில் காற்றைக் கழுவி அனுப்பும் அறைகள் வறண்ட மாதங்களில் நன்றாகவே வேலை செய்தன. வெப்பம், ஈரம் இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டிய நாட்களில் மட்டும் அந்த அறைக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். குளிர்ந்த நீருக்குக் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸருக்கு மின்சாரம் வேண்டும்.

மின்சாரத்துக்குப் பதிலாக வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்கும் இன்னொரு வழி உண்டு. அந்த வழியின் உயிர்நாடி ஒரு உப்புக் கரைசல். அந்தக் கரைசலைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒவ்வொரு எண்ணையும் யாரோ ஒருவர் ஒரு கண்ணாடிக் குடுவைக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்து அளந்திருக்கிறார். இந்த இதழ் அவர்களுக்கு உரியது. இயந்திரத்தைச் செய்தவரின் பெயர் பலகையில் ஏறுகிறது, அதற்கு வேண்டிய எண்களை அளந்தவரின் பெயர் ஒரு அட்டவணையின் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. தொழில் வரலாறு எழுதும்போது இந்தக் கணக்கைக் கொஞ்சமாவது நேர்செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

உப்பு தண்ணீரை இழுக்கும் என்பது நம் வீட்டு அடுப்படிக்கே தெரிந்த செய்தி. ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிந்துவிடுகிறது. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் நீர்க்கத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே நீர்த்துவிடும். லித்தியம் குளோரைடுக்கு 11 போதும். லித்தியம் புரோமைடுக்கு வெறும் 6. பாலைவனக் காற்றிலிருந்துகூட அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இந்த எண்கள் அவ்வளவு உறுதியானவை என்பதால், மூடிய பெட்டிக்குள் இந்த உப்புகளின் நிறைகரைசலை வைத்து, அதன் மேல் இருக்கும் காற்றைக் கொண்டே ஈரமானிகளைச் சரிபார்க்கிறார்கள்.

இந்தத் தாகத்தை ஆலைக் காற்றுக்குப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் முயன்றவர்களில் ஒருவர் வில்லிஸ் கேரியர். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை அவரிடம் வந்தபோது, கால்சியம் குளோரைடு கரைசலில் நனைந்த துணியை உருளையில் சுழலவிட்டு அதன் மேல் காற்றை ஊதிப் பார்த்தார். காற்று காய்ந்தது. ஆனால் உப்பும் காற்றோடு சேர்ந்து பறந்தது, பட்ட இரும்பெல்லாம் துரு ஏறியது. அந்த வழியை அவர் கைவிட்டுக் குளிர்ந்த நீரின் பக்கம் திரும்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1906-இல், வட கரோலினாவின் நூற்பாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரைச் சூட்டினார். இன்று வீட்டுக்கு வீடு புழங்கும் அந்தப் பெயர் பிறந்தது பஞ்சுக்காகத்தான். கேரியர் ஒதுக்கிவைத்த உப்பு, அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்கே 1945-இல் வேறு வடிவில் திரும்பி வந்தது. திறந்த காற்றில் துரு ஏற்றிய அந்தத் தாகத்தைக் காற்றே இல்லாத ஒரு பாத்திரத்துக்குள் அடைத்து, லித்தியம் புரோமைடு கரைசலில் ஓடும் பெரிய குளிர்பொறியை அந்த நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முன்பே பிரான்ஸில் ஃபெர்டினான் கார்ரே 1859-இல் அம்மோனியாவையும் நீரையும் வைத்து வெப்பத்தால் ஓடும் பனிக்கட்டி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1878 பாரிஸ் கண்காட்சியில் ஓகுஸ்தன் மூஷோ என்பவர் சூரிய ஒளியைக் குவித்து அந்த வகை இயந்திரத்தை ஓட்டிப் பனிக்கட்டி எடுத்துக் காட்டினார். வெயிலிலிருந்து பனி என்பது அவ்வளவு பழைய செய்தி. அம்மோனியா வழி தனிக் கதை. அதைப் பால் பண்ணைகளின் இதழுக்கு விட்டுவிடுகிறேன்.

லித்தியம் புரோமைடு பொறியில் குளிரைத் தருவது உப்பு அல்ல, சாதாரணத் தண்ணீர். உதகையில் பருப்பு வேக நேரமாவது ஏன் என்று மலையேறிப் போனவர்களுக்குத் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் இறக்கிக்கொண்டே போனால் கொதிநிலையும் இறங்கும். கோவையில் காற்று பாதரசத்தை ஏறத்தாழ 725 மில்லிமீட்டர் உயரம் தாங்கி நிற்கிறது. ஒரு மூடிய பாத்திரத்தில் அதை ஆறரை மில்லிமீட்டருக்கு இறக்கிவிட்டால் தண்ணீர் 5 டிகிரியில் கொதிக்கும். கொதிக்க வேண்டிய வெப்பத்தை அது பாத்திரத்துக்குள் ஓடும் குழாய்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் குழாய்களில் ஓடுவதுதான் ஆலைக்குப் போகும் நீர். அது குளிர்ந்துவிடுகிறது.

ஆனால் கொதித்தெழுந்த நீராவியை அப்போதைக்கப்போதே அகற்றாவிட்டால் அழுத்தம் ஏறி எல்லாம் நின்றுவிடும். கம்ப்ரஸர் இருந்தால் உறிஞ்சி வெளியேற்றும். இங்கே அந்த வேலையைச் செய்வது பக்கத்து அறையில் தூவப்படும் உப்புக் கரைசல். நூற்றுக்கு 57 பங்கு லித்தியம் புரோமைடு உள்ள கரைசல் 38 டிகிரி சூட்டில் இருந்தாலும், அதன் மேல் உள்ள ஆவியழுத்தம் 5 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தமேதான். அதைவிடச் சற்றே செறிவான கரைசலை அந்த அறையில் தூவினால், கைக்கு வெதுவெதுப்பான அந்தத் திரவம் குளிர்ந்த தண்ணீரிலிருந்து எழும் ஆவியை விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்கிய நீரால் நீர்த்துப்போன கரைசலை ஒரு சிறு பம்ப் அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளுகிறது. அங்கே பாய்லர் நீராவியோ, ஜெனரேட்டரின் புகையோ, சூரியத் தகட்டில் சூடான நீரோ அதைக் காய்ச்சுகிறது. 90 டிகிரியில் கரைசல் மீண்டும் 62 விழுக்காட்டுக்குச் செறிகிறது. பிரிந்த ஆவி வேறோர் அறையில் 40 டிகிரியில் குளிர்ந்து தண்ணீராகித் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது.

நூறு டன் குளிர்திறன் கொண்ட பொறி ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்குள் மணிக்கு ஏறத்தாழ 540 கிலோ தண்ணீர் இப்படி ஆவியாகிச் சுற்றி வருகிறது. அந்த 540 கிலோவைச் சுமக்க அதைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் உப்புக் கரைசல் ஓட வேண்டும். பம்புக்குச் செலவாகும் மின்சாரம் கம்ப்ரஸர் கேட்பதில் மிகச் சிறிய பங்குதான்.

மேலே நான் எழுதிய எண்களைக் கவனியுங்கள். 57, 38, 5. 62, 90, 40. இவை ஒவ்வொன்றும் ஒரு அளவீட்டின் மேல் நிற்கின்றன. 57 விழுக்காட்டுக் கரைசலுக்கு 38 டிகிரி என்பதற்குப் பதில் 36 என்று அட்டவணை தவறாகச் சொன்னால், அதை நம்பிச் செய்த பொறி சித்திரை வெயிலில் கேட்ட குளிரைத் தராது. செய்தவர் பம்பைக் குறை சொல்வார், வாங்கியவர் செய்தவரைக் குறை சொல்வார். குற்றம் எங்கோ ஒரு ஆய்வகத்தில் சரியாக வெளியேறாத ஒரு காற்றுக் குமிழியில் இருக்கும்.

ஆவியழுத்தம் அளப்பது எப்படி? கரைசலைக் குடுவையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, நீர்த்தொட்டியில் அசையாத வெப்பத்தில் அமிழ்த்தி, பாதரச மட்டத்தின் வேறுபாட்டைப் படிக்க வேண்டும். சொல்ல எளிது. கரைசலுக்குள் கரைந்திருக்கும் காற்று லேசில் வெளியேறாது. உறையவைத்து, வெற்றிடமாக்கி, உருக்கி, மறுபடியும் உறையவைத்து என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். காற்றை இழுக்கும்போது கொஞ்சம் நீராவியும் போய்விடும். அப்போது செறிவு மாறிவிட்டது என்று பொருள். ஆகவே அளந்து முடித்தபின் குடுவையைத் திறந்து, வெள்ளி நைட்ரேட் கொண்டு புரோமைடை மீண்டும் எடைகட்ட வேண்டும். 5 டிகிரியை ஒட்டித் தண்ணீரின் ஆவியழுத்தம் டிகிரிக்கு அரை மில்லிமீட்டர்கூட மாறாது. கண் கால் மில்லிமீட்டர் தவறிப் படித்தால் கணக்கு அரை டிகிரிக்கு மேல் தவறும்.

இப்படி அளந்த புள்ளிகளை என்ன செய்வது? 1878-இல் ஜெர்மனியின் டியூரிங் என்பவர் ஒரு வழி காட்டியிருந்தார். ஒரே ஆவியழுத்தத்தில் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறது, கரைசல் எந்தச் சூட்டில் இருக்கிறது என்ற இரண்டையும் எதிரெதிரே குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழும். செறிவுக்கு ஒரு கோடு. அப்படிச் சில கோடுகள் கொண்ட ஒற்றைத் தாள்தான் இன்றும் பிளான்ட் ரூம் சுவரில் தொங்குகிறது. கரைசல் செறியச் செறியக் கொதிநிலை ஏறும் என்பதை கவுந்தப்பாடிப் பக்கத்து வெல்ல ஆலைக்காரர்கள் கையாலேயே அறிவார்கள். கொப்பரையில் பாகு 100 டிகிரியைத் தாண்டி 115, 118 என்று போகும்போதுதான் பதம் வருகிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொப்பரையை இறக்கும் அந்தக் கண்ணும், டியூரிங் கோடும் ஒரே செய்தியைத்தான் படிக்கின்றன.

ஆவியழுத்தம் தெரிந்தால் போதாது. கரைசலின் வெப்ப ஏற்புத்திறன் தெரிய வேண்டும். 60 விழுக்காட்டுக் கரைசலுக்கு அது கிலோவுக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 1.9 கிலோஜூல், தண்ணீருக்கு 4.2. எடையோ தண்ணீரைப் போல் 1.7 மடங்கு. சூடான செறிவுக் கரைசலும் குளிர்ந்த நீர்த்த கரைசலும் எதிரெதிராக ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்ளும் பகுதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை இந்த எண்தான் முடிவுசெய்கிறது. இதை அளக்க வெற்றிடச் சுவர் கொண்ட பாத்திரத்தில் கரைசலை வைத்து, தெரிந்த வாட் அளவுக்கு மின்சூடேற்றி, ஏறும் டிகிரியைப் படிக்கிறார்கள். பாத்திரச் சுவர் எடுத்துக்கொண்ட வெப்பம், கலக்கியின் உராய்வு வெப்பம் எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் விடை.

வெப்பக் கடத்துதிறன் அளப்பதில் இன்னொரு சிக்கல். மெல்லிய கம்பியை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு விரைவில் சூடேறுகிறது என்று பார்ப்பதே நல்ல வழி. உப்புக் கரைசலோ மின்சாரத்தைத் தானே கடத்திவிடும். கம்பியில் போக வேண்டியது கரைசலில் ஒழுகிவிடும். அதனால் டான்டலம் கம்பியின் மேல் அதன் ஆக்சைடையே மெல்லிய உறையாகப் படியவைத்து அளந்தார்கள். சிலர் கண்ணாடி நுண்குழாயில் பாதரசத்தை நிரப்பி அதையே கம்பியாக்கினார்கள். ஒரு எண்ணுக்காக இவ்வளவு பாடு.

இந்தப் பாட்டைப் பட்டவர்களில் சிலர் பெயரையாவது சொல்லிவிடுகிறேன். 1955-இல் அமெரிக்காவில் பென்னிங்டன் ஆவியழுத்தத்தை அளந்து வெளியிட்டார். 1960-இல் கார்ல்ஸ்ரூயில் ஹரால்ட் லோவர் இந்த ஒரே கரைசலின் பண்புகளைத் தன் முனைவர் ஆய்வாக்கினார். 1964-இல் ஜப்பானின் கன்சாய் பல்கலைக்கழகத்தில் உயெமுராவும் ஹசாபாவும் அடர்த்தி, பாகுத்தன்மை, ஆவியழுத்தம் என்று வரிசையாக அளந்தார்கள். 1979-இல் மெக்நீலி இந்த அளவீடுகளையெல்லாம் சேர்த்துச் சீர்செய்து வெளியிட்ட சமன்பாடுகள்தான் உலகெங்கும் பொறியாளர்களின் கையேட்டுக்குள் நுழைந்தன. நான் மேலே தந்த 38-உம் 90-உம் அந்தச் சமன்பாட்டில் கணக்கிட்டவையே. 2006-இல் செக் நாட்டின் பாடெக், க்ளோம்ஃபார் இருவரும் பழைய அளவீடுகளை மீண்டும் எடைபோட்டு, தூய நீரிலிருந்து நிறைகரைசல் வரை பொருந்தும் புதிய சமன்பாட்டைத் தந்தார்கள்.

கோவைக்கு வருவோம். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, 1951-இல் பி.எஸ்.ஜி., 1956-இல் சி.ஐ.டி. என்று இந்த ஊர் பொறியாளர்களை உருவாக்கியது. அதே 1956-இல் பிறந்த ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா, நூலின் வலிமையையும் சீரையும் அளக்கும் பழக்கத்தை ஆலைகளுக்குள் கொண்டுபோனது. பிறகு வந்த சோதனை மையமான சிடார்க், பம்புகளைச் சோதித்துச் சான்றளிக்கிறது. அளந்து பார்த்து விற்பது கொங்கு நாட்டுக்குப் பழகிய ஒழுக்கம். அதனால்தான் வெளியூரில் அளந்த எண்களை வைத்து ஓடும் பொறி இங்கே வந்து சேர்ந்தபோது, இந்த ஊர் அதை எங்கே சோதித்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

சோதித்தது மின்வெட்டு. புனேயின் தெர்மாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பொறிகளை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியபின், பெரிய ஜெனரேட்டர் வைத்திருந்த நூற்பாலைகளுக்கு அது பொருந்தி வந்தது. எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையாகவும் எஞ்சின் குளிர்நீராகவும் வீணே போகிறது. அதைப் பிடித்துக் குளிராக்கலாம். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில், 2012-இல் கோவைச் சிறுதொழில்களின் நாளில் பாதி இருட்டில் போன நிலையில், இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது.

ஆனால் அதே மின்வெட்டு இந்தப் பொறியின் மென்மையான இடத்திலேயே கைவைத்தது. லித்தியம் புரோமைடு கரைசல் 62 விழுக்காட்டில் இருக்கும்வரை கவலையில்லை; 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் அதில் உப்பு பிரியும். குழாயில் உப்புப் படிந்தோ, உள்ளே காற்று கசிந்தோ, கூலிங் டவர் சரியாக ஓடாமலோ செறிவு 65-ஐ எட்டிவிட்டால், 40 டிகிரிக்குச் சற்று மேலேயே படிகம் பிரியத் தொடங்கிவிடும். முறையாக நிறுத்தும்போது பம்புகள் சில நிமிடம் கூடுதலாக ஓடிக் கரைசலை நீர்க்கவைத்துவிட்டுத்தான் நிற்கும். மின்சாரம் சொல்லாமல் போனால் அந்தச் சில நிமிடங்கள் கிடைப்பதில்லை. வெப்பமாற்றியின் இடுக்குகளில் நின்ற செறிவுக் கரைசல் ஆறி, சேறாகி, கல்லாகிவிடும். பிறகு வெளியிலிருந்து நீராவி காட்டியோ வெந்நீர் ஊற்றியோ மணிக்கணக்கில் உருக்க வேண்டும். அந்தப் படிக எல்லைக்கோட்டை அளந்தவர்கள், கரைசலை மிக மெதுவாகக் குளிரவிட்டு, முதல் படிக மணி எப்போது தோன்றுகிறது என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேட்டரின் இரவுத் தூக்கம் அந்தக் கோட்டில் தொங்குகிறது.

இந்தக் கோட்டைத் தள்ளிவைக்க முடியுமா என்ற கேள்வியில்தான் தமிழ்நாட்டு ஆய்வகம் ஒன்று உள்ளே வருகிறது. லித்தியம் புரோமைடோடு வேறொரு உப்பைச் சேர்த்தால் படிகமாகும் வெப்பநிலை இறங்கும். ஆனால் ஆவியழுத்தம், ஏற்புத்திறன், பாகுத்தன்மை எல்லாமே மாறிவிடும், எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும். கன்சாயில் இயோகியும் உயெமுராவும் 1980-களில் தொடங்கி இத்தகைய கலவைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். பாட்டீல், திரிபாதி, பதக், கட்டி ஆகியோர் லித்தியம் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றின் ஆவியழுத்தத்தையும் அளந்து 1990-இல் வெளியிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர். சரவணனும் எம்.பி. மையாவும் இத்தகைய அளவீடுகளையெல்லாம் ஒரே தராசில் வைத்தார்கள். தண்ணீரைக் குளிர்பொருளாகக் கொண்ட பதினாறு கரைசல்களை, ஒற்றை உப்பு உள்ளவை நான்கு, இரட்டை உப்பு ஐந்து, மூன்று உப்பு ஏழு என்று ஒப்பிட்டு 1998-இல் வெளியிட்டார்கள். பின்னர், பம்பே இல்லாமல், சூட்டில் எழும் குமிழிகளே கரைசலைத் தூக்கிச் செல்லும் ஒரு சிறு குளிர்பொறியைக் கட்டிச் சோதித்து, முடிவுகளை 2003-இல் தந்தார்கள். மின்வெட்டு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறென்ன? அது தொழிற்கூடத்துக்குப் போய்ப் பெருகியிருக்க வேண்டிய வேலை என்றே இன்றும் நினைக்கிறேன்.

உப்புக் கரைசலின் வெப்பப் பண்புகள் கொங்கு நாட்டில் வேறோர் இடத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பையே முடிவுசெய்தன. திருப்பூர் சாயப்பட்டறைகளில் சாயத்தைத் துணியில் ஏற்ற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு வேண்டும். அந்த உப்பு நொய்யலில் இறங்கி, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கு ஆகாத குட்டையாக்கியது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மீண்டும் திறக்க ஒரே வழி, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் காய்ச்சி உப்பையும் நீரையும் பிரித்தெடுப்பது. அப்போது திருப்பூர் கற்றுக்கொண்டது டியூரிங் கோட்டின் பாடத்தைத்தான்: கழிவுநீர் செறியச் செறியக் கொதிநிலை ஏறும், ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் நீராவிக் கணக்கு கூடும்.

அங்கே இன்னொரு விந்தையும் உண்டு. சாயத்துக்குப் பயன்படும் சோடியம் சல்பேட் 32.4 டிகிரி வரை சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கரையும், அதற்கு மேல் சற்றுக் குறையும். 32 டிகிரியில் நூறு கிராம் நீரில் ஏறத்தாழ 50 கிராம் கரைகிற அதே உப்பு, 10 டிகிரியில் 9 கிராமுக்கு இறங்கிவிடும். ஆகவே செறிவான கழிவுநீரைக் குளிர்வித்தால் உப்பு தானாகவே பிரிந்து அடியில் விழுகிறது. ஒரே வளாகத்தில் கொதிக்கும் ஆவியாக்கியும் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் குளிரும் வேண்டியிருக்கிறது. ஆவியாக்கியிலிருந்து மிஞ்சும் வெப்பத்தைக் கொண்டே அந்தக் குளிரைச் செய்வதைவிட இயல்பான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

உப்புக் கரைசலில் ஓடும் பொறியின் பக்கமே நின்று பேசினாலும், அதன் பெரிய குறையைச் சொல்லாமல் விட மனம் ஒப்பாது. அது தண்ணீர் குடிக்கும். கரைசலை ஒருமுறை மட்டும் காய்ச்சும் பொறி தன்னிடம் வரும் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கைத்தான் குளிராக்குகிறது. எடுத்த வெப்பமும் கொடுத்த வெப்பமும் சேர்ந்து கூலிங் டவருக்குத்தான் போக வேண்டும். நூறு டன் பொறிக்கு மணிக்கு ஏறத்தாழ 1,250 லிட்டர் நீர் டவரில் ஆவியாகும். கம்ப்ரஸர் பொறிக்கு அதில் பாதி போதும். சிறுவாணி நீரை எண்ணி எண்ணிக் குடிக்கிற ஊரில், ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் இறங்கிய ஊரில் இது சின்னக் கணக்கல்ல. போர்வெல் நீரின் கடினத்தன்மை டவரில் செறிந்து, குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படிந்து, செறிவை மேலே தள்ளிப் படிக ஆபத்தையும் கூட்டும்.

இருமுறை, மும்முறை காய்ச்சும் பொறிகளில் இந்தச் செலவு குறைகிறது. ஒரு பாத்திரத்தில் பிரிந்த ஆவியே அடுத்த பாத்திரத்தைக் காய்ச்சும். சர்க்கரை ஆலை ஆவியாக்கிகளில் நோர்பர்ட் ரிலியூ 1840-களில் அமைத்த அதே வழி, நம் ஆப்பக்கூடல் ஆலை வரை வந்த வழி. இருமுறைப் பொறி தந்த வெப்பத்தைப் போல் 1.2 மடங்கு குளிரைத் தரும், ஆனால் 150 டிகிரி வெப்பம் கேட்கும். டெல்லியை ஒட்டிய குருகிராமின் சூரிய ஆற்றல் மையத்தில் தெர்மாக்ஸ் 2011-இல் நிறுவிய 100 கிலோவாட் மும்முறைப் பொறி, குவித்த சூரிய ஒளியில் ஓடியது. இவ்வளவு சூட்டில் கரைசல் இரும்பை அரிக்கும் வேகம் வேறு, பண்புகளும் வேறு. அங்கே பழைய அட்டவணைகள் முடிந்துவிடுகின்றன.

டவரையே விட்டுவிட்டுக் காற்றால் குளிர்விக்கலாமே என்றால், 38 டிகிரி வெயிலில் கரைசல் 50 டிகிரியிலாவது ஓட வேண்டியிருக்கும். 50 டிகிரியில் 5 டிகிரி ஆவியை விழுங்க வேண்டுமானால், வேலை முடிந்து வெளியேறும் நீர்த்த கரைசலே 62-ஐத் தாண்டியிருக்க வேண்டும்; காய்ச்சித் திரும்பும்போது அது 67-ஐ நெருங்கும். லித்தியம் புரோமைடு மட்டும் உள்ள கரைசல் அந்தச் செறிவில் 50 டிகிரிக்குக் கீழே வருவதற்குள் கல்லாகும். ஆக, தண்ணீர் இல்லாத ஊருக்கான பொறி கலப்பு உப்புகளிலிருந்துதான் வர வேண்டும். அயோடைடு, நைட்ரேட், குளோரைடு ஆகியவை புரோமைடோடு எந்த விகிதத்தில் சேர்ந்தால், எத்தனை டிகிரி வரை, எவ்வளவு செறிவு வரை கரைந்தே நிற்கும் என்பதுதான் கேள்வி. சென்னையில் ஒப்பிட்ட அந்தப் பதினாறில் சில, கன்சாயில் இதற்காகவே அளந்தவை. அவற்றை 38 டிகிரி வெயிலிலும் கொங்கு நாட்டுப் பொறியின் இரும்போடும் செம்போடும் சேர்த்து, நீண்ட நாள் ஓட்டி அளக்கும் வேலைக்கு வேண்டிய பம்பும் வெற்றிடப் பாத்திரமும் கண்ணாடிக் குடுவையும் கோவையிலேயே கிடைக்கும். அளக்கத் தெரிந்த மாணவர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

(தொடரும்)